பிரீமியம் கிரெடிட் கார்டு: ஆண்டுக் கட்டணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

வங்கியிலிருந்து அழைப்பு வருகிறது. ‘தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும்’ ஓர் உலோகக் கார்டு, விமான நிலைய லவுஞ்சில் (சாப்பாட்டோடு கூடிய ஓய்விடம்) அளவற்ற அனுமதி, கோல்ஃப், ஹோட்டல் உறுப்பினர் தகுதி, முன்பதிவு போன்ற வேலைகளை நமக்காகச் செய்துதர நாள் முழுக்கத் தொலைபேசியில் காத்திருக்கும் கன்சியர்ஜ் உதவியாளர். கட்டணம் மட்டும் பேச்சின் கடைசியில், கொஞ்சம் வேகமாகச் சொல்லப்படும். இந்தியாவில் இந்த ரகக் கார்டுகளின் ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் 10,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. ஹெச்டிஎஃப்சி வங்கியின் இன்ஃபினியா கார்டுக்கு 12,500 என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் கட்டணம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் கார்டுக்கு 66,000. இதன் மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. அதாவது 12,500 என்று சொன்னால் கையை விட்டுப் போவது 14,750. 66,000 என்றால் 77,880. கணக்கை எப்போதும் வரி சேர்த்த தொகையில் தொடங்குங்கள்.

தொடங்குவதற்கும் முன் ஒரு கேள்வி. ஒவ்வொரு மாதமும் பில்லின் முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்டிவிடுகிறவரா நீங்கள்? இல்லையென்றால் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி உங்களுக்குத் தேவையில்லை. காரணம் எளிது. மாதம் 3.5% வட்டி என்பது ஆண்டுக்கு 42%. ஒரு லட்ச ரூபாய் செலவழித்துக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், செலவழித்த நாளிலிருந்தே வட்டி ஓடும். 30 நாளுக்குச் சுமார் 3,452 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 621, ஆக 4,073. அந்த ஒரு லட்சச் செலவுக்குப் பரிசாக வங்கி தரும் ரிவார்டு பாயின்ட்டின் மதிப்பு 1,000 முதல் 3,300 ரூபாய்க்குள்தான் இருக்கும். போதாக்குறைக்கு, பாக்கி முழுதாகத் தீரும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லா நாள்கள் கிடையாது. சில உயர்ரகக் கார்டுகளில் வட்டி மாதம் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அதுவுங்கூட ஆண்டுக்கு 24%. கிரெடிட் கார்டு வட்டிக்கு 30% என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் வைத்த உச்சவரம்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. எனவே அந்தப் பக்கமும் பாதுகாப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

படி 1: விளம்பரத் தாளை ஒதுக்கிவிட்டு, சரியான தாள்களைக் கேட்டு வாங்குங்கள்

கார்டு கையேட்டில் இருப்பது ஆசைகாட்டல். உங்களைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகள் வேறு இடங்களில் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த கிரெடிட் கார்டு விதிகளின்படி, விண்ணப்பத்துடன் ஒரு பக்க முக்கியத் தகவல் அறிக்கையைத் தர வேண்டும். வட்டி விகிதம், கட்டணங்கள் எல்லாம் அதில் இருக்கும். அதைவிட விரிவானது ‘மிக முக்கிய விதிமுறைகள்’ என்ற ஆவணம். வங்கி ஊழியர்கள் அதை எம்ஐடிசி என்பார்கள். விதிமுறைகள் எளிய மொழியில், கூடுமானவரை உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்வதால், தமிழ்ப் பிரதி உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

இந்த இரண்டு போதாது. சலுகைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபந்தனைத் தாள் உண்டு: ரிவார்டு பாயின்ட் விதிகள், லவுஞ்ச் பட்டியலும் விதிகளும், காப்பீட்டுச் சான்றிதழ், கன்சியர்ஜ் விதிகள். எல்லாம் வங்கியின் இணையதளத்தில் பிடிஎஃப் கோப்புகளாக, ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். இறக்கிச் சேமித்து, இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து விதி மாறியதா, அன்றே அப்படித்தான் இருந்ததா என்ற சந்தேகம் வரும்போது இந்தப் பழைய கோப்புதான் கைகொடுக்கும்.

விற்பனைப் பிரதிநிதி வாயால் சொல்வது எதுவும் கணக்கில் வராது. ‘முதல் வருடம் ஃப்ரீ சார், அப்புறம் நாங்க பாத்துக்கறோம்’ என்பதை மின்னஞ்சலில் எழுதித்தரச் சொல்லுங்கள். எழுதித்தரத் தயங்கினால் அப்படி ஒரு சலுகை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

படி 2: உங்கள் 12 மாதச் செலவைப் பிரியுங்கள்

இப்போது வைத்திருக்கும் கார்டுகளின் கடந்த 12 ஸ்டேட்மென்ட்களை எடுத்து வகைவாரியாகக் கூட்டுங்கள். வேலை பிடிக்கும், ஆனால் இதைத் தவிர்த்தால் அடுத்து வரும் எதற்கும் அர்த்தமில்லை.

ஆண்டுக்குக் கார்டில் 10 லட்சம் செலவழிக்கும் ஒரு சென்னைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளி, கல்லூரிக் கட்டணம் 2.4 லட்சம். காப்பீட்டுத் தவணை 1.2 லட்சம். நகை 1.2 லட்சம். பெட்ரோல் 80,000. மின்சாரம், தொலைபேசி, கேஸ் 60,000. சொத்து வரி 20,000. இவை மட்டும் 6.4 லட்சம். மளிகை, துணிமணி, ஹோட்டல், பயணம், ஆன்லைனில் வாங்கியது எல்லாம் சேர்த்து மீதி 3.6 லட்சம்.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? ஒவ்வொரு கடைக்கும் கார்டு நிறுவனங்கள் நான்கு இலக்க வணிக வகைக் குறியீடு ஒன்றைத் தந்திருக்கின்றன. பெட்ரோல் பங்க் 5541 அல்லது 5542, நகைக்கடை 5944, மின்சாரம், தண்ணீர் போன்றவை 4900, காப்பீடு 6300, பள்ளி 8211, கல்லூரி 8220, வரி 9311, வாலட்டில் பணம் ஏற்றுவது 6540. பாயின்ட் தருவதா வேண்டாமா என்பதை வங்கியின் கணினி இந்தக் குறியீட்டை வைத்தே முடிவுசெய்கிறது. பெட்ரோலுக்கும் வாலட்டுக்கும் பெரும்பாலான கார்டுகளில் பாயின்ட் இல்லை. காப்பீடு, கல்வி, மின்கட்டணம் ஆகியவற்றில் சில வங்கிகள் மாத உச்சவரம்பு வைக்கின்றன. சில முழுக்கவே விலக்குகின்றன. வீட்டு வாடகை தனிக்கதை. அதைக் கார்டில் கட்டுபவர்களுக்கு வங்கிகள் 1% கட்டணம் போட்டுப் பார்த்தன. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கிய பிறகு பல செயலிகள் கார்டில் வாடகை கட்டும் வசதியையே எடுத்துவிட்டன.

கடையின் பெயரைப் பார்த்துக் குறியீட்டை ஊகிக்கக் கூடாது. பல்பொருள் அங்காடிக்குள் இருக்கும் நகைப் பிரிவு எந்தக் குறியீட்டில் வருகிறது என்பது பில் போட்ட பிறகுதான் தெரியும்.

இன்னொன்றையும் அதே தாளில் தேடுங்கள். ‘இத்தனை லட்சம் செலவழித்தால் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி’ என்ற வரியில், எந்தச் செலவுகள் அந்த இலக்கில் சேராது என்ற பட்டியல் இருக்கும். பாயின்ட் விலக்குப் பட்டியலும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. நம் குடும்பம் 10 லட்சம் செலவழித்தாலும், இலக்குக்குச் சேர்வது 3.6 லட்சமாகவே இருக்கக்கூடும். அப்படியானால் 10 லட்ச இலக்கு எட்டவே எட்டாது.

படி 3: ஒரு பாயின்ட் எத்தனை ரூபாய்?

இந்த விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘150 ரூபாய்க்கு 5 பாயின்ட்’ என்பது பாதிக் கணக்கு. அந்தப் பாயின்ட்டை எங்கே செலவழிக்கிறீர்கள் என்பது மீதிப் பாதி.

இன்ஃபினியா கார்டு நெடுநாள் வைத்திருந்த விகிதத்தையே பாருங்கள். வங்கியின் சொந்தப் பயணத் தளத்தில் விமான டிக்கெட்டோ ஹோட்டலோ எடுத்தால் ஒரு பாயின்ட் ஒரு ரூபாய். வவுச்சராக மாற்றினால் 50 காசு. பில்லில் கழித்துக்கொண்டால் 30 காசு. அதே 5 பாயின்ட், முதல் வழியில் 3.33% லாபம், இரண்டாவதில் 1.67%, மூன்றாவதில் 1%. விமானத்தில் போகாதவருக்கு இது 3.33% கார்டு அல்ல. விளம்பரத்தில் எப்போதும் முதல் எண்தான் இருக்கும்.

நம் குடும்பத்தின் 3.6 லட்சத்துக்கு இந்த விகிதத்தில் 12,000 பாயின்ட் வரும். விமான டிக்கெட்டில் 12,000 ரூபாய், வவுச்சரில் 6,000, பில்லில் கழித்தால் 3,600. ஆண்டுக் கட்டணமே இல்லாத சாதாரணக் கார்டிலும் 1% திரும்பக் கிடைக்கும். அதுவும் 3,600 ரூபாய்தான். ஆக பிரீமியம் கார்டு உண்மையில் கூடுதலாகத் தருவது வித்தியாசத்தை மட்டுமே: விமானத்துக்குப் பயன்படுத்தினால் 8,400, வவுச்சர் என்றால் 2,400.

விதித் தாளில் தேட வேண்டிய சிறுசிறு முட்கள் இன்னும் உண்டு. 150-க்கு 5 என்றால் 149 ரூபாய் பில்லுக்கு ஒன்றும் கிடையாது. 290 ரூபாய்க்கும் 5தான். பெட்டிக்கடைச் செலவு அதிகமுள்ளவர்களுக்கு இந்தக் கழிவு கணிசமாகச் சேரும். ‘10 மடங்கு பாயின்ட்’ போன்ற சலுகைகளுக்கு மாத உச்சவரம்பு உண்டு. டிக்கெட் விலை முழுவதையும் பாயின்ட்டில் கட்ட விடாமல் ஒரு பங்கைக் கார்டில் கட்டச் சொல்வார்கள். ஒவ்வொரு முறை பாயின்ட்டை மாற்றும்போதும் 99 ரூபாய் போல ஒரு கட்டணமும் ஜிஎஸ்டியும் பிடிக்கும் கார்டுகள் உண்டு. காலாவதி இரண்டு அல்லது மூன்று ஆண்டு. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பாயின்ட்டும் திரும்பப் போகும். ஏற்கெனவே செலவழித்திருந்தால் இருப்பு மைனஸில் நிற்கும்.

வங்கியின் பயணத் தளத்தில் காட்டும் டிக்கெட் விலையை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தோடு ஒப்பிடாமல் பொத்தானை அழுத்த வேண்டாம். அங்கே 6,000-க்கு விற்கும் சென்னை-டெல்லி டிக்கெட் இங்கே 6,500 என்றால், உங்கள் பாயின்ட்டின் மதிப்பு ஒரு ரூபாய் அல்ல, சுமார் 92 காசு. டிக்கெட்டை ரத்து செய்யும்போது தளம் தன் பங்குக்கும் ஒரு கட்டணம் எடுக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 4: லவுஞ்ச் அனுமதி

ஒரு லவுஞ்ச் வருகையின் மதிப்பு வாசலில் எழுதியிருக்கும் 1,500 ரூபாய் அல்ல. லவுஞ்ச் இல்லாவிட்டால் அந்த விமான நிலையத்தில் என்ன சாப்பிட்டிருப்பீர்களோ அதன் விலைதான். இட்லி, காபி என்றால் 400 ரூபாய் என்று வையுங்கள். காலை ஆறு மணி விமானத்துக்கு ஓடுகிறவருக்குப் பூஜ்யம்.

‘அளவற்ற அனுமதி’ என்ற சொல்லுக்குப் பின்னால் பார்க்க வேண்டியவை: கார்டுதாரருக்கு மட்டுமா, கூடுதல் கார்டு வைத்திருக்கும் மனைவிக்கும் கணவருக்கும் உண்டா, உடன் வரும் விருந்தினருக்குக் கட்டணம் எவ்வளவு, குழந்தைக்கு எந்த வயதுவரை இலவசம். 2024-லிருந்து பல வங்கிகள் முந்தைய காலாண்டின் செலவை நிபந்தனையாக்கின. ஐசிஐசிஐ வங்கி அந்த ஆண்டு ஏப்ரலில் 35,000 ரூபாய் என்றும், ஆக்சிஸ் வங்கி மே மாதத்தில் 50,000 என்றும் தங்களின் பல கார்டுகளுக்குக் கொண்டுவந்தன. மிக உயர்ந்த ரகங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள்; உங்கள் கார்டு எந்தப் பக்கம் என்று பாருங்கள். கோடை விடுமுறைக்கு ஏப்ரலில் பறப்பவருக்கு ஜனவரி-மார்ச் செலவுதான் கணக்கு.

பல நாட்டு லவுஞ்சுகளில் நுழைய உதவும் பிரயாரிட்டி பாஸ் என்ற தனி அட்டையைத் தருகிறார்கள் என்றால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல இந்தியக் கார்டுகளில் அது வெளிநாட்டு லவுஞ்சுக்கு மட்டுமே இலவசம். இந்தியாவுக்குள் கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டும். தெரியாமல் பிரயாரிட்டி பாஸை நீட்டினால் அடுத்த மாத பில்லில் டாலர் கணக்கில் கட்டணம் விழும். லவுஞ்ச் வாசலில் கார்டைத் தேய்க்கும்போது பிடிக்கும் 2 ரூபாய் சரிபார்ப்புத் தொகைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பட்டியலைப் பார்க்கும்போது ஊரை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என்று இரண்டு முனையங்களிலிருந்து கிளம்புகின்றன. உங்கள் விமானம் ஒரு முனையத்தில், கார்டு ஏற்கும் லவுஞ்ச் இன்னொன்றில் என்றால் பயனில்லை. நீங்கள் வழக்கமாகப் பறக்கும் விமான நிறுவனத்தின் முனையத்தை வைத்துத் தேடுங்கள். கூட்டம் நிறைந்தால் திருப்பி அனுப்பவும் லவுஞ்சுக்கு உரிமை உண்டு; மாலை நேரங்களில் அது அரிதல்ல.

படி 5: கன்சியர்ஜ் சேவையைச் சோதித்துப் பாருங்கள்

கார்டின் கௌரவமே இதில்தான் என்பது போல விற்கப்படும் சலுகை இது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

போனை எடுப்பவர் பெரும்பாலும் வங்கி ஊழியர் அல்ல. டென் லைஃப்ஸ்டைல், ஆஸ்பயர் லைஃப்ஸ்டைல்ஸ் போன்ற வெளி நிறுவனங்களோடு வங்கிகளும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு அமைப்புகளும் ஒப்பந்தம் போட்டு இந்தச் சேவையைத் தருகின்றன. விதித் தாளில் ‘இயன்ற அளவு முயற்சி’ என்ற பொருளில் ஒரு வாசகம் கட்டாயம் இருக்கும். வேலை நடக்காவிட்டால் வங்கி பொறுப்பேற்காது என்பதே அதன் அர்த்தம். சேவைக்குக் கட்டணமில்லை; வாங்கித் தரும் பொருளுக்கும் டிக்கெட்டுக்கும் முழு விலையும், சில நேரம் அதற்கு மேலும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

எதெல்லாம் நடக்காது? திருப்பதி 300 ரூபாய் தரிசன டிக்கெட்டுக்கு இவர்களிடம் தனி ஒதுக்கீடு ஏதும் இல்லை. நீங்கள் பார்க்கும் அதே தேவஸ்தானத் தளம்தான். ரயில் தட்கலும் அப்படியே. 2025 ஜூலையிலிருந்து முதல் அரை மணி நேரத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட முகவர்களே தட்கல் எடுக்க முடியாது. சேப்பாக்கத்தில் விற்றுத் தீர்ந்த ஆட்டத்துக்கு டிக்கெட் கேட்டால், மறுவிற்பனை விலையைச் சொல்வார்கள் அல்லது கைவிரிப்பார்கள். விசா தேதியை முன்னுக்குத் தள்ள யாராலும் முடியாது. என்னென்ன ஆவணம் வேண்டும் என்று தொகுத்துத் தருவார்கள், அவ்வளவே.

எது நன்றாக நடக்கும்? மொழி தெரியாத ஊரில் உணவகத்தில் மேசை பிடிப்பது. டோக்கியோவில் ஜப்பானிய மொழியில் போன் செய்தால்தான் இடம் தரும் சிறு உணவகங்கள் உண்டு. அங்கே இந்தச் சேவை உண்மையிலேயே உதவும். வெளியூரில் இருக்கும் பெற்றோருக்குப் பூங்கொத்தும் கேக்கும் அனுப்புவது. விமானம் தாமதமாகி நள்ளிரவில் போய்ச் சேரும்போது ஹோட்டல் அறையை விட்டுவிடாமல் பிடித்துவைக்கச் சொல்வது. வயதானவர்களுக்குக் கீழ்த்தள அறை, ஜெயின் உணவு என்று ஐந்து ஹோட்டல்களுக்கு வரிசையாகப் பேசிக் கேட்பது. சுருக்கமாகச் சொன்னால், நீங்களே போனில் உட்கார்ந்து செய்யக்கூடிய, ஆனால் நேரம் தின்னும் வேலைகள். செய்யவே முடியாத வேலைகளைச் செய்துமுடிக்கும் மந்திரம் எதுவும் அங்கே இல்லை.

கார்டு வந்த முதல் மாதத்திலேயே மூன்று சிறு வேலைகளைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்று, உள்ளூரில் சனிக்கிழமை இரவு நான்கு பேருக்கு ஓர் உணவகத்தில் மேசை. இரண்டு, விலை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு ஹோட்டலுக்கு விலை கேட்பது. மூன்று, தகவல் திரட்டல்: ‘கோலாலம்பூரில் ஜூன் 12 முதல் 16 வரை, இரண்டு பெரியவர், ஒரு எட்டு வயதுக் குழந்தை, சைவச் சாப்பாடு, இரவுக்கு 8,000 ரூபாய்க்குள் மூன்று ஹோட்டல்கள்’. இப்படித் தேதி, ஆள் எண்ணிக்கை, பட்ஜெட், பதில் வேண்டிய நேரம் எல்லாவற்றையும் சேர்த்து மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் சொன்னால், அடுத்த பணிநேரத்தில் வரும் ஊழியர் முதலிலிருந்து கேட்பார். எத்தனை மணி நேரத்தில் பதில் வந்தது, கூகுளில் தேடினால் வருவதையே ஒட்டி அனுப்பினார்களா, ஹோட்டல் விலை வெளியில் இருப்பதைவிட எவ்வளவு கூடுதல் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு தேறினால் இந்தச் சேவைக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டாயிரம் மதிப்புப் போடலாம். அதற்கு முன்னால் பூஜ்யம்.

ஒரு எச்சரிக்கை. கன்சியர்ஜ் என்ற பெயரில் யாராவது கூப்பிட்டு ஓடிபி, சிவிவி, காலாவதித் தேதி கேட்டால் வையுங்கள் போனை. தேடுபொறியில் கிடைக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம். கார்டின் பின்புறம் அல்லது வங்கிச் செயலியில் உள்ள எண் மட்டுமே சரியானது. பணம் கட்டுவதை அந்த ஹோட்டலின் அல்லது கடையின் இணைப்பில் நீங்களே செய்யுங்கள். தனிநபர் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

படி 6: வெளிநாட்டுச் செலவு

மதிப்பிட மிக எளிதான சலுகை இது, அதனாலேயே நம்பகமானது. சாதாரணக் கார்டில் அந்நியச் செலாவணி மார்க்அப், அதாவது வெளிநாட்டுப் பணத்தில் செய்யும் செலவின் மேல் வங்கி போடும் கூடுதல் கட்டணம், 3.5%, ஜிஎஸ்டி சேர்த்து 4.13%. பிரீமியம் கார்டில் வழக்கமாக 2%, ஜிஎஸ்டி சேர்த்து 2.36%. சிங்கப்பூர்ப் பயணத்தில் 2 லட்சம் செலவழித்தால் முதலாவதில் 8,260 ரூபாய், இரண்டாவதில் 4,720. மிச்சம் 3,540. ஆனால் மார்க்அப்பே இல்லாத, கட்டணம் குறைந்த கார்டுகளும் சந்தையில் உள்ளன. வெளிநாட்டுச் செலவுக்காக மட்டும் பிரீமியம் கார்டு எடுப்பதில் பொருளில்லை.

கடையில் இயந்திரம் ‘இந்திய ரூபாயா, சிங்கப்பூர் டாலரா’ என்று கேட்டால் எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயை அழுத்தினால் கடைக்காரரின் வங்கி தன் இஷ்டத்துக்கு மாற்று விகிதம் போடும். உங்கள் வங்கியும் தன் பங்குக்குக் கட்டணம் சேர்க்கலாம். கிரெடிட் கார்டில் ஏடிஎம் பணம் எடுப்பது எந்த ரகக் கார்டிலும் நஷ்டமே. எடுத்த நொடியிலிருந்து வட்டி.

படி 7: காப்பீடும் மற்ற அலங்காரங்களும்

‘ஒரு கோடி விமான விபத்துக் காப்பீடு’ என்பதைப் படிக்கும்போது மூன்று கேள்வி: டிக்கெட்டை இந்தக் கார்டிலேயே வாங்கியிருக்க வேண்டுமா? கடந்த சில மாதங்களில் கார்டைப் பயன்படுத்தியிருக்க வேண்டுமா? வாரிசுதாரர் பெயரை எங்கே பதிவது? மூன்றாவதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. கார்டு வந்ததும் பதிந்துவிட்டு, வீட்டில் இன்னொருவரிடம் இப்படி ஒரு காப்பீடு இருப்பதைச் சொல்லிவையுங்கள். கோர வேண்டியவர் அவர்தான். வெளிநாட்டு மருத்துவச் செலவுக் காப்பீடு இருந்தாலும், தனிப் பயணக் காப்பீட்டுக்கு அது மாற்றல்ல. தொகையும் நிபந்தனையும் குறுகல்.

கோல்ஃப் ஆடாதவருக்குக் கோல்ஃப் பூஜ்யம். ஹோட்டல் உறுப்பினர் தகுதி, ஆண்டுக்கு இரண்டு முறையாவது அந்தக் குழும ஹோட்டலில் தங்குகிறவருக்கு மட்டும். வவுச்சர்களை, நீங்கள் எப்படியும் அந்தக் கடையில் வாங்கும் பொருளாக இருந்தால் முக மதிப்பில் எழுதுங்கள், இல்லையேல் பாதி. இலக்குச் சலுகைகளில் இன்னொரு கண்ணி: இன்னும் ஒரு லட்சம் செலவழித்தால் 5,000 ரூபாய் வவுச்சர் என்று, தேவையில்லாத டிவி வாங்குவது. ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் கார்டு பில் கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும் என்பதையும், இலக்கைத் துரத்தும்போது நினைவில் வையுங்கள். நண்பர்களின் செலவைத் தன் கார்டில் போட்டுக் கொடுப்பவர்களுக்கு இது பின்னால் கேள்வியாக வரலாம்.

படி 8: ஒரே தாளில் கூட்டுங்கள்

நம் சென்னைக் குடும்பத்துக்கு வருவோம். செலவு 14,750. வரவு: சாதாரணக் கார்டைவிடக் கூடுதலான பாயின்ட் மதிப்பு, விமானத்துக்கு என்றால் 8,400. இருவர், ஆண்டுக்கு நான்கு முறை லவுஞ்ச், தலைக்கு 400 வீதம் 3,200. சிங்கப்பூர்ப் பயணத்தில் மிச்சம் 3,540. மொத்தம் 15,140. லாபம் 390 ரூபாய். பாயின்ட்டை வவுச்சராக மாற்றும் பழக்கமுள்ளவர்கள் என்றால் மொத்தம் 9,140, நஷ்டம் 5,610.

இப்போது விதித் தாளில் ஒரு வரி: ‘கட்டணம் செலுத்தினால் 12,500 பாயின்ட் வழங்கப்படும்’. அந்த வரி இருந்தால் விமானப் பயணிக்கு லாபம் 12,890 ஆகிறது. வவுச்சர் ஆளுக்கு, அந்தப் பாயின்ட் 6,250 ரூபாய் பெறும் என்பதால், 640 ரூபாய் மிச்சம். ஆனால் சிங்கப்பூர் போகாத ஆண்டில் அவருக்கு 2,900 நஷ்டம். ஒரே கார்டு, ஒரே குடும்பம். அந்த ஒரு வரியைத் தவறவிட்டால் முடிவே தலைகீழ்.

எங்கள் பரிந்துரை: பாயின்ட் மதிப்பில் கால்பங்கைக் கழித்துவிட்டே கூட்டுங்கள். வங்கிகள் விதியை மாற்றுவது அடிக்கடி நடக்கிறது. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டு இதற்குப் பேர்போன உதாரணம். மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் 25,000 பாயின்ட் என்ற சலுகைக்காகவே பலர் அதை எடுத்தார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. பாயின்ட்டை விமான மைல்களாக (விமான நிறுவனங்களின் சொந்தப் பாயின்ட்) மாற்றும் விகிதம் 5-க்கு 4 என்பதிலிருந்து 5-க்கு 2 ஆனது. கட்டணம் 10,000-லிருந்து 12,500 ஆனது. தள்ளுபடி இலக்கு 15 லட்சத்திலிருந்து 25 லட்சத்துக்கு ஏறியது. இரண்டு மூன்று லட்சம் பாயின்ட் சேர்த்துவைத்துக் காத்திருந்தவர்களின் சேமிப்பு ஒரே அறிவிப்பில் பாதியானது. பாயின்ட் சேமிப்புக் கணக்கு அல்ல; வருகிறபோதே செலவழியுங்கள்.

படி 9: விண்ணப்பம், முதல் மாதம்

விண்ணப்பிக்கும் முன் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒரே மாதத்தில் நான்கு வங்கிகளில் விண்ணப்பித்தால் நான்கு விசாரணைகள் பதிவாகி ஸ்கோர் இறங்கும். சில மாதங்களில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். அந்த வங்கியிலேயே பெரிய சேமிப்புக் கணக்கோ வைப்புத் தொகையோ இருந்தால், ‘ஆயுள் முழுதும் கட்டணமில்லை’ என்ற சலுகையைக் கேட்டுப் பாருங்கள். கேட்காமல் தர மாட்டார்கள்.

கார்டு வந்ததும் உறையிலுள்ள கட்டண விவரத்தை மின்னஞ்சலில் சொன்னதோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் கார்டை இயக்காதீர்கள். 30 நாள் வரை இயக்கப்படாத கார்டுக்கு வங்கி ஓடிபி மூலம் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் தராவிட்டால் 7 வேலை நாளில் கட்டணமின்றி மூடிவிட வேண்டும் என்பது விதி. இயக்கினால், தானியங்கிப் பற்றில் (ஆட்டோ டெபிட்) ‘மொத்தத் தொகை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்; படிவத்தில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையைப் பயணத்துக்கு முந்தைய நாள் செயலியில் திறந்து, திரும்பியதும் மூடுங்கள்.

படி 10: புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்னால்

கைபேசி நாட்காட்டியில் இந்தத் தேதியைக் குறித்துவையுங்கள். அன்று படி 2 முதல் 8 வரை உள்ள கணக்கை, இம்முறை உண்மையான எண்களோடு, மறுபடி போடுங்கள். தேறாவிட்டால் வங்கியைக் கூப்பிட்டு ‘மூடப் போகிறேன்’ என்று சொல்லுங்கள்; கட்டணத் தள்ளுபடியோ பாதியோ பாயின்ட்டோ தரப் பார்ப்பார்கள். கட்டணம் ஸ்டேட்மென்ட்டில் விழுந்த பிறகு பேசினால் பிடி தளர்ந்துவிடும். ஆண்டு நடுவில் கட்டணத்தை ஏற்றினால் வங்கி ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும்; அது பிடிக்காமல் கார்டைத் திருப்பித் தருபவரிடம் மூடுவதற்கென்று கட்டணம் வாங்கக் கூடாது.

மூடுவது என்று முடிவானால் வரிசை முக்கியம். முதலில் பாயின்ட்டை முழுக்கச் செலவழியுங்கள். கணக்கு மூடியதும் அவை போய்விடும். ஓடிடி, மின்கட்டணம் போன்ற தானியங்கிப் பற்றுகளை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். இஎம்ஐ இருந்தால் அடையுங்கள். பாக்கி பூஜ்யம் என்று உறுதியான பின் எழுத்தில் கோரிக்கை கொடுத்து எண் வாங்குங்கள். பாக்கி ஏதும் இல்லாத கணக்கை வங்கி 7 வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். புகார் கொடுத்து 30 நாளில் தீர்வில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் புகார்த் தளம் வழியாக ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை.

உலோகக் கார்டைக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாது. அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்களா என்று வங்கியைக் கேளுங்கள், இல்லையென்றால் சிப்பையும் காந்தப் பட்டையையும் சுரண்டி எண்களை அழித்துவிடுங்கள். பாக்கி இல்லை என்ற கடிதத்தைப் பெற்று, இரண்டு மாதம் கழித்துக் கிரெடிட் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு ‘மூடப்பட்டது’ என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.